ஊர்ச் சபைகள் ஒன்றுகூடி நாட்டுக்காக ஜெபிக்க: முதன்முறை நடத்துவோருக்கு

ஒரே சாலையில் கத்தோலிக்க ஆலயம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம், ஒரு பெந்தெகொஸ்தே சபை என்று மூன்று இருக்கும். மூன்றிலும் ஞாயிறுதோறும் நாட்டுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபம் ஏறெடுக்கப்படும். ஆண்டில் ஒரு நாளாவது மூன்றும் சேர்ந்து அதைச் செய்யலாமே என்று யாருக்காவது தோன்றும். அந்த ஒருவர் நீங்கள் என்றால், இது உங்களுக்காக எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தில் இப்படி ஒரு கூடுகையை நடத்தப் போய், யாரிடம் எந்தக் கடிதம் கொடுப்பது என்பது கூடத் தெரியாமல் நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுக்காக முழங்காலில் நின்றுவிட்டு, வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் வீடு திரும்புகிறவர் ஜெபத்தில் பாதியை விட்டுவிடுகிறார் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ஜெபக் கூடுகையையும் வாக்காளர் உதவி மேசையையும் சேர்த்தே திட்டமிடச் சொல்கிறேன்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான (பிரிந்திருக்கும் சபைகள் ஒன்றுபடுவதற்கான) ஜெப வாரம் உலகின் பல பகுதிகளில் ஜனவரி 18 முதல் 25 வரை. அந்த 25ஆம் தேதிதான் இந்தியாவில் தேசிய வாக்காளர் தினமும். தேர்தல் ஆணையம் 1950 ஜனவரி 25 அன்று அமைந்ததை ஒட்டி, 2011 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. மறுநாள் குடியரசு தினம். ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள். இதைவிடப் பொருத்தமான நாட்கள் நாட்காட்டியில் வேறு கிடையாது. 2027-இல் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று மாலை வசதியானது.

ஆனால் வேலையை அக்டோபரில் தொடங்குங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் எந்தப் போதகரையும் பங்குத்தந்தையையும் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேச முடியாது. கிறிஸ்துமஸ், ஆண்டு இறுதி ஆராதனை, புத்தாண்டு, பொங்கல் விடுமுறை எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் 18ஆம் தேதி வாசலில் நிற்கும்.

அக்டோபருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தும் நீக்கியும் சரிசெய்யும் சுருக்கமுறைத் திருத்தம் வழக்கமாக அந்த மாதங்களில்தான் நடக்கும். சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிகளில் சிறப்பு முகாம் போடுவார்கள். ஞாயிறு முகாம் நேரமும் ஆராதனை நேரமும் மோதும். ஆராதனை முடிந்ததும் நேரே முகாமுக்குப் போங்கள் என்று ஆலய அறிவிப்பிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

2. யாரை எந்த வரிசையில் சந்திப்பது

முதலில் கத்தோலிக்கப் பங்குத்தந்தையையும் சி.எஸ்.ஐ. சேகர (பல ஆலயங்கள் சேர்ந்த வட்டாரத்தின்) குருவானவரையும் பாருங்கள். இவர்கள் மேலிடத்தைக் கேட்க வேண்டியவர்கள், அதற்கு நாளாகும். பெரும்பாலான மறைமாவட்டங்களில் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பகுதிகளில்) கிறிஸ்தவ ஒன்றிப்புக்கென ஒரு பணிக்குழு இருக்கும். பங்குத்தந்தை அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தயக்கம் தீரும். சி.எஸ்.ஐ. சேகரத்தில் விஷயம் சேகர கமிட்டியின் கூட்டத்தில் வர வேண்டும். கூட்டம் எப்போது என்று விசாரித்து, அதற்கு முன்பே கடிதத்தைக் கொடுங்கள். லுத்தரன் சபை, இரட்சணிய சேனை இருந்தால் அங்கும் இதே முறைதான்.

கையில் என்ன கொண்டு போவது? ஜெப வாரத்துக்கான வழிபாட்டு ஒழுங்கை ஆண்டுதோறும் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து வெளியிடுகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுத் திருச்சபையினர் அதைத் தயாரிப்பார்கள். 2013-க்கு உரியதை இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் தயாரித்தது. அதன் பிரதி ஒன்றை நீட்டினால், ‘இது யாரோ ஒருவரின் தனி யோசனை’ என்ற சந்தேகம் எழாது. எங்களுக்குக் கதவு திறந்தது இந்தத் தாள்களைக் காட்டிய பிறகுதான்.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் போதகர் அப்போதே பதில் சொல்லிவிடுவார். அவர்கள் தயங்கினால் காரணம் வேறு. ஐக்கியம் என்ற பெயரில் உபதேசத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களோ என்பதே அது. அதற்கு வாதம் செய்யாதீர்கள். ஆராதனை ஒழுங்கைக் காட்டி, இதில் உங்கள் சபையாருக்கு இடறலாக ஏதாவது இருக்கிறதா, ஐயா, என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் தேதி, நேரம், இடம், கலந்துகொள்ளும் சபைகள், காணிக்கை உண்டா இல்லையா, கட்சிக்காரர் யாரும் மேடையில் இருக்கமாட்டார்கள் என்ற உறுதி ஆகியவை இருக்கட்டும். கடைசி வரி பலருடைய மனத்தைத் தெளிய வைக்கும்.

3. குழு

ஒரு சபைக்கு இருவர். அதில் ஒருவர் பெண், ஒருவர் முப்பது வயதுக்குக் கீழே. மார்ச் மாத முதல் வெள்ளியன்று உலக ஜெப நாளைப் பல சபைப் பெண்கள் ஏற்கெனவே சேர்ந்து நடத்துகிறார்கள். உங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இருந்தால் அதில் இருக்கும் அக்காமார்களைப் பிடியுங்கள். எந்த ஆலயத்தில் யார் திறவுகோல் வைத்திருக்கிறார் என்பது வரை அவர்களுக்குத் தெரியும்.

அடுத்ததை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். குழுவின் பெயர்ப் பட்டியலை எழுதி முடித்ததும், எல்லோரும் ஒரே சாதியாக இருக்கிறார்களா என்று பாருங்கள். நம் சபைகளைப் பிரித்து வைத்திருப்பது உபதேச வேறுபாடு மட்டுமல்ல. காலனியில் இருக்கும் சிறிய ஆலயத்துக்குக் கடைசியாகப் போய், ‘எல்லாம் முடிவாகிவிட்டது, வந்துவிடுங்கள்’ என்று சொல்வதுபோல் புண்படுத்துவது வேறில்லை. முதல் கூட்டத்தையே அந்த ஆலயத்தில் வையுங்கள்.

4. ஆராதனை ஒழுங்கு

நற்கருணை, திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) வேண்டாம். கத்தோலிக்கர் பிற சபையாரோடு அதைப் பகிர்ந்துகொள்ள அவர்களுடைய சபைச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அதைத் தொட்டால் கூடுகையே நின்றுபோகும். வேத வாசிப்பு, பாடல், சிறு செய்தி, மன்றாட்டு, ஆசீர்வாதம்: ஒன்றரை மணி நேரம் போதும்.

கர்த்தருடைய ஜெபத்தைக் கட்டாயம் தாளில் அச்சிடுங்கள். ஒருவர் ‘பரமண்டலங்களில்’ என்று தொடங்க, மற்றவர் ‘விண்ணுலகில்’ என்று தொடங்க, நடுவில் எல்லோரும் தடுமாறுவது வேண்டாம். வேத வாசிப்புக்கும் எந்த மொழிபெயர்ப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, பகுதியை முழுமையாகத் தட்டச்சு செய்து வாசிப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். யோவான் 17, எரேமியா 29, முதல் தீமோத்தேயு 2 ஆகியவற்றின் பகுதிகள் இந்த நாளுக்குப் பொருந்தும். பாடலுக்கு எல்லாச் சபைகளும் அறிந்த பழைய கீர்த்தனைகள் இரண்டு போதும். பாடகர் குழு ஒன்றே இருக்கட்டும், அதில் எல்லாச் சபைப் பிள்ளைகளும் நிற்கட்டும்.

செய்தி கொடுப்பவர் ஒருவர், பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு சபைக்கும் ஒரு செய்தி என்று போனால் இரவு பத்து மணி தாண்டிவிடும். மற்ற சபை ஊழியர்கள் மன்றாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

மன்றாட்டுகள்தான் இந்த மாலையின் உயிர். ‘தலைவர்களுக்காக’ என்று பொத்தாம்பொதுவாக நிறுத்தாதீர்கள். குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர், நீதிபதிகள், மாவட்ட ஆட்சியர் என்று பொறுப்புகளைச் சொல்லி ஜெபியுங்கள். பிறகு கீழே இறங்கி வாருங்கள். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், தூய்மைப் பணியாளர்கள், வாக்குச்சாவடிக்குப் பணிக்குப் போகும் ஆசிரியர்கள். எங்கள் கூடுகையில் ஒரு மூதாட்டி தன் தெருவில் மூன்று வாரமாகத் தண்ணீர் வராததைச் சொல்லி, குழாய் திறந்துவிடும் ஊழியருக்காக ஜெபித்தார். அரங்கில் அத்தனை உரத்த ‘ஆமென்’ அதற்குத்தான் எழுந்தது. கட்சியின் பெயரோ வேட்பாளரின் பெயரோ மட்டும் வரக்கூடாது.

5. இடம், காவல் நிலையம், ஒலிபெருக்கி

சொரூபம் (சிலை) இருக்கும் ஆலயத்துக்குள் வர சிலர் தயங்குவார்கள். மேளமும் கைதட்டலும் இன்னும் சிலருக்குப் புதிது. முதல் ஆண்டு ஒரு பள்ளி அரங்கமே நல்லது. பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

காவல் நிலையத்தில் குறைந்தது இரண்டு வாரம் முன்பு மனு கொடுங்கள். இணைக்க வேண்டியவை:

- தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வரக்கூடியவர்களின் உத்தேச எண்ணிக்கை
- இட உரிமையாளரின் சம்மதக் கடிதம்
- பொறுப்பாளர்கள் இருவரின் அடையாள அட்டை நகல், கைப்பேசி எண்
- ஒலிபெருக்கி எத்தனை, எந்தப் பக்கம் பார்த்து வைக்கப்படும் என்ற விவரம்

மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்ச்சொல்லாகக் கிடைத்த அனுமதி, பணியில் வேறு அதிகாரி இருக்கும் நாளில் செல்லாது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றிய அமைதி மண்டலம் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அரங்கத்துக்குள் மட்டும் கேட்கும்படி வைத்தாலே போதும். நாட்டுக்காக ஜெபிக்கிறோம் என்று அண்டை வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது முறையல்ல. ஊர்வலம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். முதல் ஆண்டு வேண்டாம். அதற்குத் தனி அனுமதி, தனிப் பாதை, தனித் தொண்டர்கள் வேண்டும்.

6. செலவு

பள்ளி அரங்கம் இலவசமாகக் கிடைத்தால், ஏறத்தாழ 300 பேர் கூடும் மாலையை 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். சவுண்ட் சர்வீஸ், கூடுதல் நாற்காலி, ஆராதனைத் தாள் அச்சு, தேநீர் அவ்வளவுதான். பெரிய பிளெக்ஸ் வேண்டாம். பணமும் போகும், யார் படம் பெரிது என்ற வருத்தமும் வரும்.

சபைகள் சமமாகப் பங்கிடுவது நியாயம்போல் தோன்றும். இருபது குடும்பம் உள்ள சபைக்கு அது பாரம். தொகையை அவரவர் வசதிக்கு விட்டு, தேநீர், நாற்காலி, அச்சு என்று பொருளாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள். காணிக்கை எடுப்பதில்லை என்று முடிவு செய்தால் பல சிக்கல்கள் மிச்சம். கணக்கை இரு வேறு சபைகளைச் சேர்ந்த இருவர் எழுத வேண்டும். ஒரு வாரத்துக்குள் ரசீதுகளோடு எல்லா ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். அரசியல்வாதியின் நன்கொடை ஒரு ரூபாய்கூட வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு வைத்திருக்கும் அமைப்புகள் அந்தப் பணத்தை இதில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

7. வாக்காளர் உதவி மேசை

அரங்க வாசலில் இரண்டு மேசை, நான்கு இளைஞர்கள், இணைய வசதியுள்ள இரண்டு கைப்பேசிகள். மாலை ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே திறந்துவிடுங்கள். எந்த மதத்தவரும் வரலாம் என்று பலகையில் எழுதி வையுங்கள். அந்த மேசையில் துண்டுப்பிரதி, நற்செய்தி நூல் எதுவும் இருக்கக்கூடாது. உதவி என்று கூப்பிட்டு மதம் பேசினார்கள் என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால் அடுத்த ஆண்டு மேசையே இருக்காது. அதோடு, உதவியை நிபந்தனை இல்லாமல் செய்வதே நமக்குத் தகும்.

முதல் வேலை, பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது. வாக்காளர் அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆணையம் ஏற்கும் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். அட்டை இருந்து பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ தேடலாம். 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில், பட்டியலை வீடுவீடாகப் புதிதாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபின் பழைய நினைவை நம்பி யாரும் இருக்க வேண்டாம். அத்தகைய திருத்தக் காலங்களில் கூடுதல் உறுதிமொழியோ ஆவணமோ கேட்பார்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மேசையில் எழுதி ஒட்டுங்கள்.

எந்தப் படிவம் எதற்கு:

- படிவம் 6: புதிதாகப் பெயர் சேர்க்க. பதினெட்டு வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.
- படிவம் 7: இறந்தவர், இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்க.
- படிவம் 8: முகவரி மாற்றம், திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறிப்பது.

எல்லாம் இலவசம். கணினி மையத்தில் கேட்கும் தொகை அவர்களுடைய சேவைக்கானது. அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

ஆவணங்கள்: வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஆதார் இவற்றில் ஒன்று. முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், மின்கட்டண அல்லது எரிவாயு ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவை. வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று. இந்தப் பட்டியலைக் கூடுகைக்கு முந்தைய ஞாயிறே எல்லா ஆலயங்களிலும் வாசிக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் வெறுங்கையோடு வருவார்கள்.

நம் சபையாரிடம் அடிக்கடி வரும் சிக்கல்கள் சில உண்டு. ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர், ஆதாரில் இரண்டும் சேர்ந்த மூன்றாவது பெயர். ஞானஸ்நானச் சான்றிதழ் வயதுக்கான ஆவணப் பட்டியலில் இல்லை. இணைக்கும் ஆவணத்தில் உள்ளபடியே படிவத்தில் எழுதுங்கள். திருமணமாகி வந்த பெண்கள் புதிதாகப் படிவம் 6 நிரப்பி இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது இன்னொன்று. அவர்களுக்கு உரியது படிவம் 8. இரண்டு இடத்தில் பெயர் இருப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றாவது நம் ஊழியர்களே. இடமாற்றத்தில் வரும் போதகர், பங்குத்தந்தை, கன்னியர் பெயர் முந்தைய ஊரிலேயே தங்கிவிடும். மேசை திறந்ததும் முதலில் அவர்களை உட்கார வைத்துப் பாருங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ பதியலாம். விடுதி என்றால் கல்வி நிறுவனத் தலைவரின் சான்று வேண்டும்.

நான்காவது, வீட்டோடு இருக்கும் முதியவர்கள். 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்த அவசரத்தில்தான் பலருக்குத் தவறுகிறது. இவர்கள் யார் யார் என்ற பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது: வீடுவீடாகப் போய் நற்கருணை கொடுக்க ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல்தான் அது.

நிரப்பிய படிவங்களை மொத்தமாக வாங்கி நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஒருவர் மொத்தமாகக் கொண்டுவருவதை அலுவலகம் ஏற்காது; அவரவரே கொடுக்க வேண்டும், அல்லது அவரவர் கைப்பேசியில் பதிய வேண்டும். விண்ணப்பக் குறிப்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். ஆதார் நகலையோ தொலைபேசி எண் பட்டியலையோ மேசையில் தங்கவிடாதீர்கள். அந்தப் பட்டியலைக் கேட்டு ஆட்கள் வருவார்கள்; இல்லாத ஒன்றைக் கொடுக்க முடியாது.

தேர்தல் நெருங்கிவிட்டால், வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

8. சட்டம் போட்டிருக்கும் கோடு

வாக்களியுங்கள் என்று சொல்லலாம். யாருக்கு என்று ஆலயத்தில் சொல்லக்கூடாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதன் பொருளை இன்னும் விரித்தது. இவருக்கு வாக்களித்தால் கடவுள் கோபிப்பார் என்று அச்சுறுத்துவது தகாத செல்வாக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. பிரசங்கிகள் இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம் ஆலய வளாகத்தையும் பணத்தையும் அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் வேட்பாளர் யாராவது ‘வாழ்த்திவிட்டுப் போகிறேன்’ என்று வந்தால், சபையாரோடு அமர்ந்து ஜெபிக்கட்டும், மைக் கொடுக்காதீர்கள். வரவேற்புக்கு நிற்பவர்களிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். மேடையில் சால்வை போடும் வழக்கத்தையே விட்டுவிட்டால் இந்தச் சங்கடத்தில் பாதி குறையும்.

9. ஜனவரி 26: கிராம சபை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர். கூடுகையின் மன்றாட்டில் தண்ணீருக்காகவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதைக்காகவும் ஜெபித்தவர்கள், 26ஆம் தேதி அங்கே எழுந்து பேசலாம்.

சபைவாரியாகக் கூட்டமாகப் போய் உட்காராதீர்கள். அவரவர் தெருக்காரர்களோடு கலந்து உட்காருங்கள். கோரிக்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதி, தெருவில் உள்ள எல்லா மதத்தவரின் கையொப்பத்தோடு இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு குழு, பகுதி சபை எப்போது கூடும் என்று மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்மான எண்ணை எல்லா ஆலயப் பலகையிலும் எழுதிப் போடுங்கள். மார்ச் 22 கிராம சபையில் அந்த எண்ணைச் சொல்லி, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்க இருவரை இப்போதே நியமித்துவிடுங்கள்.